பாஸ் வேண்டாம்

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஸ்கூலுக்குள் நுழைந்தாள் அம்மா. உட்காருவதற்குள் டீச்சர் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். மடமடவென்று குடித்தாள்.

"டீச்சர், என் பொண்ணை இந்த வருஷம் பெயிலாக்கிடுங்க!"

"எல்லாத்துலயும் பாஸ் பண்ணியிருக்காளேம்மா?"

"பாஸானா ஸ்பெஷல் வகுப்புலேர்ந்து பேரை எடுத்துடுவீங்க. வேன் வராது, பேச்சுப் பயிற்சி கிடையாது. பதினெட்டு வயசுல இப்பத்தான் நாலு வார்த்தை கோர்வையா பேசறா. நட்டாத்துல விட்டுடாதீங்க."

டீச்சர் ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். மகளின் கோணல்மாணலான கையெழுத்து.

'டீச்சர், அம்மா என்னைப் பெயிலாக்கச் சொல்வாங்க. கேக்காதீங்க. ஸ்கூல்லேர்ந்து வேலைப் பயிற்சிக்குப் போன சலவைக்கடையில வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. பாஸ் சர்டிபிகேட் வேணும். அம்மா பதறிட்டு வருவாங்க. முதல்ல தண்ணி கொடுங்க.'

அம்மாவின் கையில் இன்னும் அந்தக் காலித் தம்ளர் இருந்தது.