மூன்றாவது வரிசை வீடு

மக்களவை கலைந்த மறுநாள். எம்.பி. அலுவலகச் சுவரில் நாடாளுமன்றப் படத்தைக் கழற்றிய இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கட்டுக் கட்டாக மனுக்கள் சாக்கில் விழ, ஜன்னல் வெயிலில் தூசு மிதக்கிறது. வாசலில் வைத்த மீன்கூடையிலிருந்து நீர் கசிகிறது. எழுத்தர் கிளமான் சாக்கைக் கிளறி, கூடைக்காரி அஞ்சலாட்சியின் மனுவை எடுக்கிறார். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டச் சொல்லி ஐந்து வருடம் முன்பு அவள் கொடுத்தது. “சபையில கேக்கறேன்னு சொன்னாரே சார்?” “கேக்கலம்மா. சபையே கலஞ்சிடுச்சி, இதுவும் அதோட சரி. வர்றவருக்குப் புதுசா குடு.” “நீயே எழுதிக் குடு சார்.” அவர் பழையதைப் பார்த்து எழுதுகிறார். ‘கடலிலிருந்து மூன்றாவது வரிசை வீடு’ என்ற இடத்தில் அவளுடைய ஈர விரல் பேனாவைத் தடுக்கிறது. “அத மாத்து சார். இப்ப எங்க வூடுதான் மொத வரிச.”