மாடி அறைக்காக ஒரு ஜெபக் குறிப்பு

நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பற்றி ஆண்டவரிடம் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

பத்துப் பெண்கள் நர்ஸம்மா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து முழங்காலில் இருந்தோம். புதன்கிழமை காலை ஜெபக் கூட்டம். புருஷன்மாரும் பிள்ளைகளும் வெளியே போன பிறகு கூடுவது.

எங்கள் கூட்டத்தில் யாரும் புறணி பேச மாட்டோம். ஜெபக் குறிப்பு கொடுப்போம், அவ்வளவுதான். யார் வீட்டில் சண்டை, யாருக்கு வேலை போயிற்று, யார் மகள் யாரோடு போனாள், எல்லாம் ஆண்டவர் காதுக்குப் போகும் முன்பே ஒன்பது பேர் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்காக நர்ஸம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மாடி அறையை யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருக்கிறாள், போக்கிடம் இல்லாதவர்களுக்காக. புண்ணோடு வந்தவனுக்கு முகம் சுளிக்காமல் கட்டுப் போடுவாள். பசியோடு வந்தவளுக்குத் தன் தட்டையே நகர்த்துவாள். வாசலில் யார் வந்து நின்றாலும் உள்ளே கூப்பிட்டு, சோபாவில் உட்காரவைத்து, டீ கொடுத்த பிறகுதான் என்ன ஏது என்று கேட்பாள். இயேசு சொன்னதை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டது இந்த ஊரில் இவள் ஒருத்திதான் என்று கூட்டத்துக்கு வரும் தையல்காரி சொல்வாள்.

வாயை மூடத்தான் அவளுக்குத் தெரியாது.

"அப்பா, நாலு நாளா மாடியில இருக்கிற அந்தப் புள்ளையப் பாருங்கப்பா. தாடை உடைஞ்சு தண்ணிகூட ஸ்ட்ரா வச்சுத்தான் குடிக்குது. கையில மூணு மாசக் குழந்தை. புருஷன் கண்ணுல பட்டா கொன்னே போட்டுடுவான்னு பத்தொன்பது நாளா நடுங்கிக்கிட்டுக் கிடக்கு."

எல்லோரும் உருகி ஆமென் சொன்னார்கள். வாட்ஸ்அப் அக்காவின் ஆமென்தான் பெரிதாகக் கேட்டது. அவள் கையில் நாலு குரூப் இருக்கிறது.

அந்தப் பெண் யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் வாசலில் ஹாரன் கேட்டது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். அது யாருடைய வண்டி என்று எனக்குத் தெரியும்.

நர்ஸம்மா அவசரமாக ஜெபத்தை முடித்துவிட்டுத் தரையில் கையை ஊன்றினாள். எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். வெயிலில் நிற்கிறாயே என்று உள்ளே கூப்பிடுவாள். சோபாவை ஒட்டித்தான் மாடிப்படி ஏறுகிறது.

கூட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருத்தி ஜெபம் பண்ணும்போது, தலையே போனாலும் இன்னொருத்தி எழக் கூடாது. வாய்விட்டு ஜெபிக்க வராதவள் பக்கத்தில் இருப்பவளின் கையைத் தொட்டுவிட்டால் முறை தாண்டிப் போய்விடும். கூட்டத்துக்குப் புதிதாக வந்த நான் இரண்டு வாரமும் தொட்டுத் தொட்டே தப்பித்தவள்.

"ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன்.

நர்ஸம்மா மறுபடி முழங்காலில் உட்கார்ந்தாள். யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். ஊமை வாய் திறந்துவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மழைக்காக ஜெபித்தேன். நோயாளிகளுக்காக, கைதிகளுக்காக, தூரப் பயணம் போகிறவர்களுக்காக ஜெபித்தேன். மறுபடி ஹாரன் அடித்தது.

பிறகு, குரலை மாற்றாமல், மற்ற ஜெபங்களைப் போலவே இதையும் சொன்னேன்.

"வாசல்ல நிக்கிறவன்தான் ஆண்டவரே அவ புருஷன். இந்தக் கதவை அவனுக்குத் திறக்க விடாதீங்க. பொழுது சாயறதுக்குள்ள அவளையும் குழந்தையையும் வேற ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க. எந்த ஊருன்னு இங்க யாருக்கும் தெரிய வேணாம்."

ஒருத்தியும் ஆமென் சொல்லவில்லை.

நர்ஸம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அந்தக் கண் கேட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்த வீட்டில் பகலில் தாழ்ப்பாள் போட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவன் பைக்கில் உட்கார்ந்தபடியே ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"ஏம்மா இவ்வளவு நேரம்? அவளப் பத்தி ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

நாலு குடும்பத்துப் பெண்கள் கூடும் இடத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார் என்றுதான் என்னை இங்கே சேர்த்துவிட்டான். நானும் வந்தேன். அவன் அவளை அடித்த அன்று, சத்தம் கேட்காமல் இருக்க, அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றவள்தானே நான்.

ஒன்றும் இல்லை என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். நான் பொய் சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும், ஐந்து வயதிலிருந்தே தெரியும். ஆனால் தெருவில் குரலை உயர்த்த மாட்டான். தெருவுக்கு அவன் நல்ல பிள்ளை. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னான்.

பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை தாங்கினால் போதும்.