தனி ரயில்

பார்லிமென்ட் தேர்தலில் முப்பத்தொரு ஓட்டில் தோற்ற செய்தி வந்ததும், ஆலை முதலாளி எண்ட்விசில் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார்.

"என் மில்லுல நானூறு பேர். ஒருத்தன்கூடவா ஓட்டுப் போட வரல, சைலஸ்?"

"வரலைங்கய்யா," என்றார் தேர்தல் ஏஜென்ட்.

"நன்றி கெட்டவனுங்க! சனிக்கிழமை அரைநாள் லீவு விட்டேன். கால்பந்து கிளப்பே ஆரம்பிச்சுக் கொடுத்தேன். எதிராளி பீர் ஊத்திட்டானா?"

அதற்குள் தெருவில் ஒரே ஆரவாரம். கிளப் ரிப்பனோடு ஆலை ஆட்கள் திமுதிமுவென்று நுழைந்தார்கள்.

"மூணுக்கு ரெண்டு, முதலாளி! ஜெயிச்சுட்டோம்!" என்று கத்தினார் மேஸ்திரி ஏபல். "வெளியூர் மேட்சுக்குன்னு போன மாசம் நீங்க சொல்லிவச்ச தனி ரயில் விடியறதுக்குள்ள கிளம்பிடுச்சு. ஒருத்தர் பாக்கியில்லாம ஏறிட்டோம்!"

எண்ட்விசிலுக்கு அப்போதுதான் அந்த ரயில் ஞாபகம் வந்தது. போன மாதம் தேர்தல் தேதியே அறிவிக்கப்படவில்லை.

"எங்க ஓட்டு இல்லாமலே நீங்க ஜெயிச்சிருப்பீங்கல்ல?" என்று கேட்டார் ஏபல்.

சைலஸ் வாயைத் திறந்தார். எண்ட்விசில் அவரைக் கையமர்த்தினார்.

"அதை விடுப்பா. மூணாவது கோல் யாரு போட்டது?"