படிக்க வந்த தறிக்காரர்கள்

முதலில் தூங்கியது பங்காருதான்.

வாரப் பத்திரிகையை மடியில் விரித்து வைத்தபடி, தலையைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். தலைமுடி முழுக்கப் பஞ்சு.

அவரைப் பார்த்துப் பக்கத்து ஆள் சாய்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். நான் ஒவ்வொருவராக உலுக்கிக்கொண்டிருந்தபோதே தெருமுனையில் ஜீப் வந்துவிட்டது.

அடப்பாவிகளா!

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் படிக்க ஆளே வருவதில்லையாம். மூடிவிட்டுப் புத்தகங்களை அன்னூருக்குக் கொண்டுபோய்விடலாமா என்று பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஆபீசர் வந்துகொண்டிருந்தார்.

நான் வார்டு மெம்பராகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தொண்ணூற்றாறு உள்ளாட்சித் தேர்தலில் எனக்கும் என்னை எதிர்த்து நின்றவருக்கும் ஓட்டு சமம். அந்தப் பக்கம் ஒரே ஒரு ஓட்டு கூடியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், என் பெயர் வந்தது. மாரியாத்தாளே கை வைத்து எடுத்துக் கொடுத்த மெம்பர் நான் என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். நான் மெம்பராக வந்த வேகத்தில் நூலகம் ஊரைவிட்டுப் போனால் எந்த முகத்தோடு அந்த டீக்கடைக்குப் போவது?

அதனால்தான் ராத்திரி ஷிப்ட் விட்டதும் தறிக்குடோன் வாசலில் நின்று, டீயும் போண்டாவும் வாங்கித் தருகிறேன் என்று ஒரு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து உட்கார வைத்தேன். பாவம், ஒருத்தரும் மறுக்கவில்லை. நூலகர் ஜாஹிதாவே என் மூளையை மெச்சினார்.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன்.

எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத ஒரே கட்டடம் சோளக்காட்டு ஓரம் இருக்கிற அந்த நூலகம்தான். குடோனில் தறி. வீட்டுக்கு வந்தால் சுவருக்கு அந்தப் பக்கமும் தறி. சத்தத்திலேயே சாப்பிட்டுச் சத்தத்திலேயே படுக்கிறவர்கள். அவர்களைக் கூட்டிவந்து, ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்கிற அறையில் உட்கார வைத்தால் வேறென்ன செய்வார்கள்?

விழித்திருந்தவர் ஒரே ஆள். நான் கூப்பிடாத ஆள்.

மூலையில் நாச்சியம்மாள் ஒரு தடிப் புத்தகத்தில் பாதியைத் தாண்டியிருந்தார். நூல் சுற்றும் வேலைக்குப் போகும் முன் தினமும் வந்து படிக்கிறவர். பங்காருவின் மனைவி. தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவரும் அந்தம்மாதான்.

செத்தேன் என்று நினைத்தேன். போண்டா வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்த கூட்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஊரைக் கூட்டியே சொல்லியிருப்பேன்.

ஆபீசர் உள்ளே வந்தார். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். குறட்டை எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தார். என் கும்பிடைக் கண்டுகொள்ளாமல் நேராக அந்தம்மாவிடம் போய் நின்றார்.

"ஏம்மா, இவங்கெல்லாம் படிக்க வந்தவங்களா, தூங்க வந்தவங்களா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்" என்றார் நாச்சியம்மாள். "ராத்திரி பூராவும் தறி ஓட்டிப்போட்டு வந்திருக்கறாங்க. இத்தன தூக்கத்தோட ஊட்டுக்குப் போகாம இங்க வந்து புஸ்தகத்தக் கையில எடுத்தாங்களே, அதுக்கு மேல என்னங்க பண்ணுவாங்க?"

அதில் ஒரு பொய் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆபீசர் யாரோ கைநழுவ விட்டிருந்த புத்தகத்தைக் குனிந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு ஜாஹிதாவிடம் போய், நூலகம் இங்கேயே இருக்கட்டும், இன்னொரு ஃபேன் வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள் என்றார். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

ஜீப் போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்தம்மா முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். மனுஷி என்றால் இவரல்லவா மனுஷி, இவரை ஜெயித்தேன் என்றா இத்தனை நாள் ஆடினேன் என்று இருந்தது.

பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. செய்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "டீ ஆறிப்போயிருமுங்கக்கா, அண்ணன எழுப்பட்டுங்களா?" என்று பங்காருவின் தோளில் கை வைக்கப் போனேன்.

"வேண்டாமுங்க மெம்பரே. எலக்சன் அன்னைக்கும் ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்துப்போட்டு வந்து இப்படித்தான் படுத்திருந்தாரு. பூத்து மூடப்போறாங்க, இவரு இன்னும் ஓட்டுப் போடலியேன்னு ஊட்டுக்கு ஓடியாந்து பக்கத்துல நின்னேன். அன்னைக்கே எழுப்ப மனசு வரலீங்க. இன்னைக்கு ஒரு டீக்கா எழுப்பச் சொல்றீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுபடி புத்தகத்தில் குனிந்துகொண்டார்.

மாரியாத்தாள் எடுத்துக் கொடுத்த சீட்டு என்று அதற்கப்புறம் நான் எங்கேயும் சொன்னதில்லை.

அன்றைக்கு வாசலில் செருப்பைக்கூட மாட்டவில்லை. சத்தம் கேட்குமே என்று கையில் எடுத்துக்கொண்டு சோளக்காடு தாண்டும்வரை வெறுங்காலோடு நடந்தேன்.