நாற்பத்தொரு வீட்டுக்கு ஓர் ஆதாரம்

‘இந்தக் கட்டுரை ஏழு நாளில் நீக்கப்படும்.’

இணையக் கலைக்களஞ்சியத்தில் ‘உக்கிரபாண்டி காலனி’ என்ற கட்டுரைக்கு மேலே அப்படி எழுதிவைத்தவள் பிரீத்திகாதான். சிவகாசியில் அப்பாவின் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஓய்வு நேரத்தில் களஞ்சியத்தின் கட்டுரைகளைச் சரிபார்ப்பாள்.

நாற்பத்தொரு வீடு, மூன்று குழாய். எந்த அரசுப் பட்டியலிலும் அந்தக் காலனியின் பெயர் இல்லை. அச்சில் வந்த ஆதாரம் ஒன்றாவது வேண்டும் என்பது விதி.

கட்டுரையை எழுதிய மாரிசெல்வி, அந்தக் காலனியிலிருந்து பட்டாசு வேலைக்குப் போகிற பெண். ஆதாரம் கேட்டதற்குப் பதில் இப்படி வந்தது:

“நூத்தி அறுபத்துமூணு பேரு இருக்கோம்க்கா. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா அப்படி ஒரு இடமே இல்லைங்காக. நீங்களும் இல்லைன்னா எப்படி?”

ராம்குமார் என்ற இன்னொரு தொகுப்பாளர், “உங்களுக்கு மனசே கிடையாதா?” என்று அதன் கீழே கேட்டிருந்தார்.

அது பிரீத்திகாவுக்குச் சுருக்கென்றது. அச்சகத்தில் கட்டிப் போட்டிருந்த பழைய செய்தித்தாள்களை அவிழ்த்து உட்கார்ந்தாள். ஆறாவது நாள் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய வெடிவிபத்துச் செய்தி. ‘உக்கிரபாண்டி காலனியைச் சேர்ந்த வள்ளித்தாய் (34) பலி.’ பக்கத்தில் படம்.

சாவுச் செய்திதான். ஆனாலும் காலனியின் பெயர் அச்சில் இருந்தது. நேரிலேயே சொல்லிவிடலாம் என்று வண்டியை எடுத்தாள்.

மாரிசெல்வி வீட்டில் உட்கார்ந்ததும், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முருகம்மாள் அத்தை என்றாள் மாரிசெல்வி. வாசலில் இரண்டு பிள்ளைகள் அந்த முருகம்மாளை “அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

பிரீத்திகா செய்தித் துண்டை நீட்டினாள். “ஆதாரம் கிடைச்சிருச்சு. இனி யாரும் நீக்க முடியாது.”

மாரிசெல்வி கையை நீட்டவில்லை. அவள் பார்வை தண்ணீர் கொண்டுவந்தவள் பக்கம் போனது.

பிரீத்திகா நிமிர்ந்தாள். படத்தில் இருந்த முகம், இடது புருவத்துத் தழும்போடு, செம்பைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றது.



அந்தப் பெண்தான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெடிவிபத்து நடந்த அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். சீசன் நேரம், ஒரு நாள் போகாவிட்டாலும் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அதனால் தங்கச்சி முருகம்மாள், அக்கா பேரைச் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனாள். காலனியில் எல்லாரும் அப்படிப் போவது உண்டு. வெடித்த பிறகு முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆலையின் வருகை நோட்டில் இருந்தது வள்ளித்தாய் பேர்.

“செத்தது முருகம்மான்னு சொன்னா, நோட்டுல பேரு இல்லாதவளுக்கு நஷ்டஈடு கிடையாதுன்னுருவாக. அவ பிள்ளைக, தகப்பன் விட்டுட்டுப் போன பிள்ளைக. அதான் நானே செத்துட்டேன். அவ பேருக்கு நான் இருக்கேன். எனக்கு வேற வாரிசு இல்ல, தங்கச்சின்னு நானே கையெழுத்துப் போட்டு வாங்குனேன். வந்த பணத்துலதான் ரெண்டும் படிக்குதுக.”

செய்தித் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“படத்துல எம்புட்டு நல்லா விழுந்திருக்கேன் பாருங்க.”



“இந்தச் செய்தி எனக்கு முதல்லயே தெரியும்க்கா,” என்றாள் மாரிசெல்வி. “எங்க காலனி பேரு அச்சுல வந்தது அந்த ஒரு தடவைதான். அதைக் காட்டினா நாலு பேரு விசாரிச்சு வருவாக. காலனி பேரு இல்லாட்டிப் போகுது. நீக்கிருங்க.”

மறுநாள் பிரீத்திகா நீக்கினாள். காரணம்: ‘நேரில் சென்று பார்த்தேன். ஆதாரம் இல்லை.’

ராம்குமார் விடவில்லை. “நேரில் போயுமா? அங்கே ஒரு மனுஷ முகம்கூட உங்கள் கண்ணில் படவில்லையா?”

 பிரீத்திகா பதில் எழுதினாள்:

“படவில்லை.”