எனக்கா போர்டு?

"பிஸ்கட் அம்மா! எங்க வீட்ல மூணு ஓட்டு. மூணும் உங்களுக்குத்தான்!"

கடற்கரையின் அந்தக் கோடியிலிருந்து தன் நாய் ஜிஞ்சரைப் பிடித்தபடி ஜிஞ்சரின் அம்மா கத்தியது காற்றை மீறிக் கேட்டது. வெர்னா கையை ஆட்டிவிட்டு, தன் நாயோடு கூட நடந்துகொண்டிருந்த பெப்பரின் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

"கேட்டீங்களா? நானா போய்க் கேட்கலை. தானா வருது."

"வரட்டும், வரட்டும். இருந்தாலும் வாசல்ல உங்க பேரைப் போட்டு ஒரு போர்டு வைக்கலாம்ல? அந்த பிரிக்ஸைப் பாருங்க, வேலிக்கு வேலி தன் பேரை நட்டு வெச்சிருக்கான்."

"அவன் போன வருஷம் வந்தவன். அவனுக்கு வேணும். எனக்கா போர்டு? முப்பது வருஷமா இந்த மணல்லயே கிடக்கேன். இந்த ஹேரன் பாயிண்ட் ஊர்ல எனக்குத் தெரியாத ஆள் ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம்!"

"அம்மாடி! ஜெயிக்கறதுக்கு முன்னாடியே மேடைப் பேச்சு வந்துடுச்சு" என்று சிரித்தார் பெப்பரின் அப்பா. "ரொம்ப ஆடாதீங்க. போன தடவை நம்ம ஜனங்க ஓட்டுச் சீட்டுல, வேற பேர் எழுதறதுக்குன்னு கடைசியா இருக்கற வெத்துக் கோட்டுல, படகுத்துறை ஒத்தைக்கால் கடற்காகத்தோட பேரை எழுதிப் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? முதல்ல அதைத் தோற்கடிங்க."

"அது மீன் திருடி. நான் உங்களுக்குக் காப்பி குடுக்கறவ. இந்தாங்க, பிடிங்க."

வெர்னா பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினாள்.

பிரிக்ஸ் ஊர்மன்றத் தேர்தலில் ஜெயித்தால் முதல் வேலையாகக் கடற்கரையில் நாய்களுக்குத் தடை கொண்டுவரப் போகிறானாம். ஊர்மன்றக் கூட்டம் இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்காத வெர்னா வேட்பாளரானது அதனால்தான். அவளுடைய நாய் பிஸ்கட்டுக்கு வயதாகிவிட்டது. இது அவளுடைய மூன்றாவது பிஸ்கட். நாய் மாறினாலும் பேரை மாற்ற அவளுக்கு மனசில்லை. தார் ரோட்டில் நாலடி வைத்தாலே உட்கார்ந்துவிடும், மணலில்தான் அதற்குக் கால் போகும். அவளுக்கும் அப்படித்தான். கணவர் போன பிறகு, இந்தக் காலை நடையை விட்டால் ஒரு வார்த்தை பேச நாதி கிடையாது. தோற்றால் இதுவும் போய்விடும்.

தேர்தல் நாளன்று கடற்கரைக் கூட்டம் மொத்தமும் வாக்குச்சாவடியிலிருந்து சிரித்த முகமாகத்தான் வெளியே வந்தது.

"உங்களுக்கு முத்து முத்தாப் போட்டுட்டேன்" என்றார் பெப்பரின் அப்பா. "கவலைப்படாம டோனட் சாப்பிடுங்க."

சாயங்காலம் மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. பிஸ்கட் நாற்காலிக்கு அடியில் குறட்டை விட்டது. தேர்தல் அதிகாரி, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற அம்மாள், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

"கார்ல்டன் பிரிக்ஸ், நூற்றுப் பதினெட்டு. வெர்னா ஹால்ஸ்டெட், ஒன்று."

ஒன்று. அது அவளே போட்டது.

வெர்னாவுக்குக் காது அடைத்துப்போனது. பக்கத்தில் பார்த்தால், பெப்பரின் அப்பா ஜாலியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

"அத்தனையும் பச்சைப் பொய்! இத்தனை வருஷம் என் காப்பியைக் குடிச்சிட்டு, ஒரு ஓட்டுப் போட மனசு வரலை உங்களுக்கு! கைவேற தட்டறீங்க!"

"ஐயையோ, ஏன் அழறீங்க? அந்த வெர்னாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் விழுந்திருக்கு. நமக்கு நல்லதுதானே? உங்க ஓட்டைப் பிரிக்கறதுக்காக பிரிக்ஸ் நிறுத்தி வெச்ச ஆளுதானே அவ?"

"நான்தான் வெர்னா!"

பெப்பரின் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின் வரிசையில் ஜிஞ்சரின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ... சீட்டுல உங்க பேரை அச்சடிக்க மறந்துட்டாங்கன்னுல்ல நாங்க எல்லாரும்..."

அதிகாரி மேசையைத் தட்டினாள்.

"அமைதி! இன்னும் முடியலை. வெற்றுக் கோட்டில் கையால எழுதின ஓட்டு நூற்று நாற்பது இருக்கு. எல்லாத்துலயும் ஒரே பேர்தான்: 'பிஸ்கட்டின் அம்மா'. அது யாருன்னு சந்தேகமில்லாமத் தெரிஞ்சா ஓட்டு செல்லும்."

கூடத்தில் இருந்த அத்தனை விரல்களும் வெர்னாவைக் காட்டின. தன் பேர் காதில் விழுந்ததும் பிஸ்கட் எழுந்து வாலை ஆட்டியது.

"நாய் சாட்சியெல்லாம் செல்லாது" என்றாள் அதிகாரி. "அந்த அம்மா நீங்கதான்னு சொல்ல மனுஷ சாட்சி ஒருத்தர் வேணும். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவரா ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

இவ்வளவுதானா! வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இந்த ஊரில் அவளுக்குத் தெரியாத ஆளா? பெப்பரின் அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். மூடினாள். ஜிஞ்சரின் அம்மாவைப் பார்த்தாள். சாக்லேட்டின் தாத்தாவைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

மறுநாள் காலை மன்றத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

'வெற்றி: பிஸ்கட்டின் அம்மா. சாட்சி: பெப்பரின் அப்பா.'