2009ஆம் ஆண்டுப் போத்தல்

லா சப்பலுக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த உணவகத்தில், அன்று பிரெஞ்சுக்கார முதலாளி மூன்று போத்தல் திறந்தார். ஒரே தோட்டத்து ரீஸ்லிங் வைன், வேறுவேறு ஆண்டுகள். எங்களுக்கும் ஊற்றித் தந்தார்.

2008 எலுமிச்சம்பழம்போலப் புளித்தது. 2010 நாக்கைக் கடித்தது. 2009இல் தேன் மணத்தது. கூடவே இன்னொரு மணமும் வந்தது.

"அண்ணை, மண்ணெண்ணெய்! விளக்குக்கு விடலாம்," என்றான் கூட வேலை செய்யும் றூபன்.

நான் மொழிபெயர்த்ததும் முதலாளி சிரித்தார். "வயதான ரீஸ்லிங் அப்படித்தான். 2009 அருமையான ஆண்டு. ஒரு குறையும் இல்லை."

"அதில் எனக்கொன்று வேண்டும்," என்றேன்.

"திறக்காதது ஒன்றுதான் மிச்சம், தரமாட்டேன். 2010ஐக் கொண்டுபோ. அதே மண்தானே?"

"இல்லை, 2009தான். மகள் பிறந்த வருடம்."

அவர் முகம் இளகிவிட்டது. பிள்ளை பிறந்த ஆண்டு வைனை வைத்திருந்து, பதினெட்டு வயதில் உடைப்பது அவர்கள் வழக்கம்.

"அப்படியானால் பதினைந்து வயதா? காசு வேண்டாம். அவளோடு இதுவும் வளரட்டும்."

றூபன் என்னைப் பார்க்காமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"நிமிர்த்தி வைக்காதே. இருட்டில் படுக்கவை. அசைக்காதே," என்று சொல்லிக் கொடுத்தார் முதலாளி.

வீட்டில் மனைவி துஷாந்தியிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் போத்தலை வாங்கித் துணியில் சுற்றினாள்.

"சண்டையிலை ஷெல் விழேக்கை பங்கர்க் குழிக்குள்ளை பிள்ளையையும் இப்பிடித்தானே கிடத்தி வைச்சனாங்கள்," என்றாள். "மூண்டு மாசத்துக்கு மேலை வளர விடேல்லையே."